பேச்சில்லாத கேசட்

மருந்துக்கடையில் வேலை பார்த்த அம்மாவுக்குப் டிவி பாட்டுச் சேனலில் போன் லைன் கிடைத்த கதையை, அக்காளும் தங்கையும் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு டிவியிலிருந்து பதிவு செய்த வீடியோ கேசட்டைத்தான் பெரியவள் இன்று கடைக்கு எடுத்து வந்திருந்தாள். பழைய கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் கடை அது. பக்கத்தில் சின்னவள். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அம்மாவின் குரல் பதிவானதென்றால் இந்த ஒரு கேசட்டில்தான் இருக்க வேண்டும்.

பாட்டுச் சேனலைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். விடட்டும். நினைத்த மாத்திரத்தில் பாட்டு கிடைப்பவர்களுக்கு என்ன தெரியும்? அன்றைக்குப் பாட்டு தனக்குத் தோன்றும்போதுதான் வரும். காலையிலிருந்து தவம் கிடந்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க எழுந்தால் போச்சு, வந்து போயிருக்கும். போன் போட்டுக் கேட்கலாம்தான். ஆனால் தொகுப்பாளினி குசலம் விசாரித்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் பாட்டைப் போடுவாள்.

பெரியவளுக்கு அந்தப் பேச்சு வேப்பங்காய். வீடியோ ரெக்கார்டரில் பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனில் விரலை வைத்தபடி டிவி முன்னால் குத்தவைத்திருப்பாள். பேச்சு ஓய்ந்து பாட்டின் முதல் தட்டு விழும் நொடியில் பதிவை ஓடவிடுவாள். அவள் கேசட்டில் ஒரு ‘ஹலோ’வைக்கூடப் பார்க்க முடியாது. தெருவே வந்து இரவல் வாங்கிப் போகும். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவளுடைய பதினேழாவது பிறந்தநாள் மதியம், டிவியில் அம்மாவின் குரல் கேட்டது. கடைப் போனிலிருந்து பேசினாள்.

“என் பெரிய பொண்ணுக்குப் பிறந்தநாளுங்க. அவ இப்ப என் பேச்சையும் வெட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பா. நீங்க சட்டுனு பாட்டைப் போட்டுடுங்க.”

சின்னவள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் என்ன செய்தது என்பது மட்டும் அவளுக்கு நினைவில்லை. அடுத்த வாரமே அம்மா காய்ச்சலில் படுத்தாள், எழவில்லை. அதன்பிறகு அந்தக் கேசட்டைத் தொடத் தெம்பில்லை. தெம்பு வந்தபோது ரெக்கார்டர் இல்லை.

கடைக்காரர் கேசட்டைப் போட்டார். ஒரு பாட்டு முடிந்தது. திரை ஒருமுறை துள்ளியது. அடுத்து அம்மா கேட்ட பாட்டு, முதல் தட்டிலிருந்தே தொடங்கியது.

“கொஞ்சம் பின்னாடி போங்கண்ணா,” என்றாள் சின்னவள். போனார். “இன்னும் கொஞ்சம்.” மறுபடி அதே துள்ளல், அதே தட்டு.

“முன்னாடி ஒண்ணும் இல்லம்மா,” என்றார் அவர். “யாரு எடுத்தது? எத்தனையோ கேசட் பாத்துட்டேன், இவ்வளவு சுத்தமா யாரும் எடுத்ததில்ல. பேச்சே இல்ல பாருங்க.”

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆயிரம் முறை தவறாத விரல், அன்றைக்கு ஒரு முறை தவறித் தொலைத்திருக்கக் கூடாதா?

பாட்டு முடிந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குக்கா. குரல்தான் வர மாட்டேங்குது. உனக்குத் தெரியுமில்ல? அம்மா மாதிரி ஒரு தடவ சொல்லேன்.”

பெரியவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “என் பெரிய பொண்ணுக்குப் பிறந்தநாளுங்க,” என்று சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறையும் சொன்னாள். இரண்டு முறையும் அவள் குரல்தான் வந்தது.