காக்காய்க்கு வைத்த சோறு

என் வீட்டுக்காரர் இசக்கியப்பன் செத்து எட்டு வருஷம் கழித்து, போன ஆடி அமாவாசை அன்று மத்தியானம், பசுவந்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தார்.

செத்தார் என்று நான் சொல்லவில்லை. அவரே சொன்னதுதான். கோவில்பட்டி நூல் மில்லில் பிட்டராக இருந்த மனுசன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவருக்கு வந்த கேடு வேறு. கடம்பூர்ப் பக்கம் ஒரு மடத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் போனார், அப்புறம் தினமும் போனார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இந்த வாழ்க்கையில எதை எடுத்தாலும் குறையாத்தான் இருக்கு சொர்ணம். குறையே இல்லாத நெலை ஒண்ணு இருக்கு. அதைத் தொட்டுரணும்" என்பார். குழம்பில்தான் ஏதோ குறை என்று நான் உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைப்பேன். அவ்வளவு மக்கு நான்.

துறவு வாங்குகிறவன் முதலில் தனக்குத் தானே கருமாதி செய்துகொள்ள வேண்டும் என்பது மடத்து முறையாம். கண்மாய்க்கரையில் மொட்டை போட்டு உட்கார்ந்து, தன் பேரைத் தானே சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிண்டம் வைத்தார். ஊரே திரண்டு வந்து பார்த்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கருமாதி ஒன்றே ஒன்றுதான். அது முடிந்தால் பொண்டாட்டி தாலி அறுக்க வேண்டும்.

அவருடைய அக்கா முத்துசெல்வி மதினிதான் ஆரம்பித்தாள். "கருமாதி முடிஞ்ச பொறவும் கழுத்துல தாலி கிடந்தா ஊருக்கு ஆகாது. மழை தப்பிரும்." மானத்தை நம்பி விதைக்கிற ஊரில் மழை தப்பும் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. ஆம்பளைகள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் ஓடிப்போய் அவர் முன்னால் விழுந்தேன். "ஏங்க, ஒரு வார்த்த சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லுங்க, போதும்."

அவர் கண்ணைத் திறந்தார். "அந்த இசக்கியப்பன் செத்துட்டாம்மா" என்றார்.

பதிமூன்று வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர் என்னை அம்மா என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பத்தடி தள்ளி என் வளையலை உடைத்தார்கள், தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். நான் கத்தின கத்தலுக்கு ஆடுமாடு திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது, அவ்வளவுதான். என்ன தேஜஸ், என்ன தேஜஸ் என்று சனங்கள் கும்பிட்டார்கள். என் மகள் காளீஸ்வரிக்கு அப்போது பதினொரு வயசு. என் சேலையைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நான் தீப்பெட்டி கம்பெனிக்குப் போனேன். நிலம் குத்தகைக்குப் போனது. புருஷன் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருக்க, நான் வெறும் நெற்றியோடு திரிந்தேன். கம்பெனியில் பொம்பளைகள் என்னைச் சாமியார் விதவை என்பார்கள், கேலியாகத்தான். அதெல்லாம் போகட்டும். காளீஸ்வரி ஆளானபோது என் பிள்ளைக்கு நான் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. முத்துசெல்வி மதினி ஊற்றினாள், மதினி ஆரத்தி சுற்றினாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். அதை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

அமாவாசை தவறாமல் அவருக்குப் படைத்தேன். முதல் வருஷம் ஆத்திரத்தில்தான் படைத்தேன். செத்துப்போனேன் என்றாயே, இந்தா தின்னு என்று. பிறகு ஆத்திரம் போய் வழக்கமாகிவிட்டது. வாழைக்காய், பூசணிக்காய், உளுந்த வடை, சோறு. ஒரு இலையில் எடுத்துச் சுற்றுச்சுவரில் வைத்து, காக்காய் வந்து வாய் வைத்த பிறகுதான் நானும் மகளும் சாப்பிடுவோம்.

அந்த ஆடி அமாவாசை அன்றைக்கும் இலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் அவர் நிற்கிறார். வெளுத்துப்போன காவி. தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வலது காலில் துணிக்கட்டு, கட்டைச் சுற்றி ஈ.

"சொர்ணம்" என்றார்.

"யாரு வேணும் சாமி?"

"என்னட்டி இப்படிக் கேக்குத? நாந்தான்."

"அவிய செத்துட்டாகளே. ஊரறியக் கருமாதி பண்ணியாச்சே."

அவர் தலையைத் தொங்கப் போட்டார். சக்கரை வியாதியில் கால் பெருவிரலை எடுத்துவிட்டார்களாம். புண் ஆறவில்லை. "வாடை வருது, பக்தருங்க மூக்கைப் பொத்துதாங்கன்னு மடத்துல போகச் சொல்லிட்டாங்க. இங்கனயே ஒரு மூலையில கிடந்துக்கிடுதேன். நாள் ரொம்ப இருக்காது."

"போன காரியம் என்னாச்சு? குறையே இல்லாத நெலையைத் தொட்டீகளா?"

"அங்கன ஒண்ணும் இல்ல சொர்ணம்" என்றார். "பசிக்குது."

இதைச் சொல்வதற்கு எட்டு வருஷம், ஒரு தாலி, என் பிள்ளையின் சடங்கு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

காளீஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். "அம்மா, அப்பாம்மா" என்று சொல்லிவிட்டுச் செம்பில் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"செத்தவங்களுக்கு வீட்டுக்குள்ள எலை போடக் கூடாது" என்றேன்.

சுவர்ப் பக்கம் போய் இலையை வைத்து, தண்ணீர் தெளித்து, கா கா என்று கூப்பிட்டேன். காக்காய் வேப்பமரத்தில்தான் இருந்தது. கீழே ஆள் நிற்பதால் இறங்கவில்லை. நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் எடுத்துக்கிடட்டுமா?"

"உங்களுக்கு வச்சதுதான். எட்டு வருசமா உங்களுக்குத்தான் வைக்கேன்."

நின்றபடியே தின்றார். அள்ளி அள்ளித் தின்றார். வடை கை தவறி மண்ணில் விழுந்தது. புண்காலை நீட்டிக்கொண்டு குனிந்து எடுத்து, ஊதிவிட்டு வாயில் போட்டார். கண்ணீர் ஓடித் தாடியில் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த நாளை நினைத்து எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். இப்போது அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. யாரோ எங்கேயோ சாப்பிடுவது தெரிந்தது, அவ்வளவுதான். மடத்தில் உட்கார்ந்து அவர் தேடிய நிலை இதுதானோ என்னமோ. நான் மூச்சுப் பிடிக்கவில்லை, மொட்டை போடவில்லை.

அவர் சுவரோரம் உட்கார்ந்த பிறகு காக்காய் இறங்கி இலையில் மிச்சம் இருந்ததைக் கொத்தியது.

"காக்கா எடுத்தாச்சு, வாட்டி சாப்பிடுவோம்" என்று மகளை உள்ளே கூட்டிப்போனேன். இரண்டு தட்டு வைத்துப் பரிமாறினேன். அவள் சோற்றைத் தொடவில்லை.

"அப்பா இன்னும் வெயில்ல இருக்காரும்மா."

"நாளைக்குப் படையல் கெடையாது. அடுத்த அமாவாசைக்கு வரச் சொல்லு."

காளீஸ்வரி என் முகத்தையே பார்த்தாள். பதினொரு வயசில் பார்த்த அதே பார்வை.

"அன்னைக்குத் தாலியக் கழத்தும்போது அப்பா மூஞ்சி இப்படித்தாம்மா இருந்துச்சு" என்றாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பெற்ற பிள்ளை அப்படிச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெளியே அவர் அவளிடம் தண்ணீர் கேட்கிற சத்தம் கேட்டது. நான் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் குறைவாக இருந்தது, போட்டுக்கொண்டேன்.