மாநிற அட்டை

எங்கள் குடும்பத்தில் மாநிறம் என்பது நிறமல்ல, மரியாதை. அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் அம்மா "பொண்ணு மாநிறம்" என்பாள். அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாலும் அப்படித்தான். கேட்டவர் அக்காவைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், பிறகு பண்போடு சுவரைப் பார்ப்பார்.

அக்கா நல்ல கருப்பு. தீயணைப்பு நிலையத்தின் அலுவலர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். நிலையத்தின் கூடத்தில் பொறுப்பேற்ற எல்லோருடைய படங்களும் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாம் மீசைகள். கடைசி மீசைக்கு அடுத்து அக்காவுக்காக ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். மாலையில் மேலதிகாரி வந்து படத்தைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு.

படம்தான் இல்லை. நிலையத்துக்கு எதிரே இருந்த ஸ்டூடியோக்காரர் முதலில் எடுத்ததில் ஒரு தொப்பியும் அதற்குக் கீழே பல்வரிசையும் இருந்தன. குறை சொன்னதும் கணினியில் தட்டித் தட்டி வெளுத்துக் கொடுத்தார்.

"யாருடா இவ?" என்றாள் அக்கா என்னிடம். "முகத்துல மாவக் கொட்டிக்கிட்டு, என் தொப்பிய வேற போட்டுட்டு நிக்கிறா."

"நல்லாத்தானடி இருக்கு," என்றாள் அம்மா.

"அம்மா, நான் மாறுதலாகிப் போனப்புறமும் இந்தச் சுவத்துல தொங்குவேன். நாளைக்கு என்ன மாதிரி ஒரு கருப்புப் பொண்ணு வேலைக்குச் சேர வந்து அண்ணாந்து பாத்தா, அங்க நான் இருக்கணும். இல்லன்னா ஆணி மட்டும் இருக்கட்டும்."

ஆகவே படமெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கல்லூரிப் புகைப்படக் குழுவின் செயலாளர். குழுவில் மூன்று பேர். மற்ற இருவரும் துணைச் செயலாளர்கள்.

நிலைய முற்றத்தின் வெள்ளைச் சுவர் முன்னால் அக்காவை நிறுத்தி எடுத்தேன். சுவர் சாம்பலாக வந்தது. தீயணைப்பு வண்டி ஓட்டுநர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம் எங்க தம்பி?"

"தொப்பிக்குக் கீழ பாருங்கண்ணே."

சிவப்பு வண்டியை ஒட்டி நிறுத்தி எடுத்தேன். சிவப்பு அதிகமாகிவிட்டது என்று கேமரா தானாகவே சரிக்கட்டியது. அக்கா நீலமாகிவிட்டாள்.

"ஐயையோ, தண்ணியில முங்கி எடுத்த மாதிரி இருக்காளே!" என்றாள் அம்மா.

"அதுக்கும் எங்களத்தாம்மா கூப்பிடுவாங்க," என்றார் ஓட்டுநர்.

அம்மா கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். "லேசா, கழுத்துக்கு மட்டும்..." அக்கா டப்பாவையே பார்த்துவிட்டு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினாள். இடிந்துவிழும் கட்டடத்துக்குள் போவதற்குக்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள்.

"போதும்டா. அந்த ஆணியப் பிடுங்கச் சொல்லிடறேன்."

வேறு லென்ஸ் இருக்கிறதா என்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். இல்லை என்று தெரியும். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஒரு சாம்பல் அட்டை விழுந்தது. பை மடங்காமல் இருக்கக் கடைக்காரர் வைத்துக் கொடுத்தது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒருமுறை அதைக் கிழித்துக் ஆடுகிற நாற்காலிக் காலுக்கு அடியில் வைக்கக்கூட யோசித்திருக்கிறேன். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. படித்தேன். படித்ததைத் தமிழில் சொன்னேன்.

"கேமராவுக்குக் கருப்பு எது, வெள்ளை எதுன்னு தெரியாதாம். முன்னால எது வந்தாலும் அது நடுச்சாம்பல்னே எடுத்துக்குமாம். அதனால மொதல்ல இந்த அட்டையக் காட்டணுமாம்."

"நடுச்சாம்பல்னா?" என்றாள் அம்மா.

"ரொம்பக் கருப்பும் இல்லாம, ரொம்ப வெளுப்பும் இல்லாம, நடுவுல ஒண்ணு."

"மாநிறமா?"

நான் அட்டையைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன்.

"ஆமாம்மா. கேமராவும் உன்ன மாதிரிதான். யாரு வந்து நின்னாலும் மாநிறம்னு முடிவு பண்ணிட்டுத்தான் பாக்குது."

ஓட்டுநர் அவசரமாகத் திரும்பி, சுருட்டி வைத்திருந்த குழாயை மறுபடி சுருட்டினார். அவர் முதுகு குலுங்கியது. அக்காவின் உதட்டோரமும் துடித்தது. தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"சரி, கடைசி தடவ."

சுவர் முன்னால் நின்று, கைதானவர்கள் பலகை பிடிப்பதுபோல அட்டையை முகத்தருகே பிடித்தாள். கேமராவில் அட்டை மட்டுமே தெரியும்படி கிட்டே போனேன். வெளிச்சத்தை அதற்கு அளந்து வைத்தேன். நிறத்தையும் அதற்கே வைத்தேன். பாரப்பா, மாநிறம் என்றால் இதுதான், இதைப் பிடித்துக்கொள், இனி வருகிறவர் அவரவர் நிறத்தில் வரட்டும். அட்டையை எடுத்துவிட்டு அக்காவுக்குக் குறிவைத்ததும் கேமராவுக்குள் வெளிச்சம் காட்டும் அளவுமுள் தவறு, தவறு என்று ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. கண்டுகொள்ளாமல் அழுத்தினேன்.

திரையைப் பார்த்தேன். கிண்டலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கு அப்படி நேர்ந்ததே கிடையாது.

சுவர் வெள்ளையாக இருந்தது. அதன் முன்னால் அக்கா இருந்தாள். கருப்பு என்று ஒரே சொல்லைப் போட்டு நாங்கள் மூடி வைத்திருந்த முகத்தில் எத்தனை நிறங்கள்! நெற்றியில் வெயில் பட்ட இடம் செம்பாகச் சுடர்ந்தது. கன்ன மேட்டில் பழுத்த திராட்சையின் ஊதா. கண்ணுக்கடியில் மழை நனைத்த பாறை. தாடையோரம், தலைக்கவசத்தின் வார் உராய்கிற இடத்தில், ரோஜாவும் பழுப்பும் கலந்த ஒரு தழும்பு, ஆற்றின் கிளைபோலக் கழுத்துக்குள் இறங்கியது. மேலுதட்டு வியர்வை ஒவ்வொரு துளியிலும் ஒரு வானம் வைத்திருந்தது. ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான். இந்த முகத்தோடு சண்டை போட்டிருக்கிறேன், இதனிடம் அடி வாங்கியிருக்கிறேன். பார்த்ததில்லை.

அம்மா கேமராவை வாங்கினாள். திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடி திரையை.

"இவ எப்பவும் இப்படித்தான் இருந்தாளா?"

"எப்பவும் இப்படித்தாம்மா இருக்காங்க," என்றார் ஓட்டுநர்.

அம்மா கிட்டே போய் அக்காவின் தாடையைத் தொட்டாள்.

"இது எப்படி?"

"கிடங்குல தீ பிடிச்சப்ப. போன வருஷம்."

"சொல்லவே இல்லையேடி."

"மூஞ்சியில இருக்கறத எதுக்கும்மா சொல்லணும்?"

அம்மா கையை எடுக்கவில்லை. அக்கா அப்படியே நின்றபடி என் பக்கம் கையை நீட்டினாள். அம்மாவின் மறு கையிலிருந்த கேமராவை வாங்கிக் கொடுத்தேன். பார்த்தாள். எரிகிற வீட்டின் எந்தச் சன்னல் முதலில் விழும் என்று பார்ப்பவள்போல, அவசரமில்லாமல், மூலை மூலையாகப் பார்த்தாள்.

"பிரிண்ட் போட்டுட்டு வா," என்றாள். "ஸ்டூடியோக்காரர்கிட்ட சொல்லு, லேசா டச் பண்றேன் அது இதுன்னு கைவெச்சா, மொத்த வண்டித் தண்ணியையும் கடைக்குள்ள விட்டுடுவேன்."

அவர் கைவைக்கவில்லை. அச்சு வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நெசமாவே எதிர்த்தாப்புல இருக்கற மேடம்தானா?" என்று மட்டும் கேட்டார்.

மேலதிகாரி வருவதற்கு முன்பே மாட்டிப் பார்த்துவிடலாம் என்றார் ஓட்டுநர். மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். நிலையத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கூடத்தில் நின்றார்கள். வந்தவர் யாரும் போகவில்லை. ஓட்டுநர் அண்ணாந்து பார்த்தார், குதிகால்களைச் சேர்த்தார், படத்தை நோக்கி ஒரு சல்யூட் அடித்தார்.

"யோவ்," என்றாள் பக்கத்திலேயே நின்றிருந்த அக்கா, "நான் இங்க இருக்கேன்யா."

"தெரியும் மேடம்," என்றார் அவர், கையை இறக்காமல். "தானாப் போயிடுச்சு."