நடுங்காத இறக்கை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் எழுத வந்தது கதையே இல்லை. ஒரு விமான ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலருக்கு வெற்றிக் கட்டுரை கேட்டார்கள். 'நடுக்கம் அறவே நின்றது' என்று தலைப்பெல்லாம் வைத்தேன். அச்சுக்குப் போகும் முன்பே விமானம் விழுந்துவிட்டது. மலரும் நின்றுபோனது. அந்தக் கட்டுரையின் பெண் பொறியாளர் மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள்.

2

முதல் தொடக்கம்: "காற்றின் போக்கைக் காட்ட இறக்கையில் ஒட்டிய நூல்களெல்லாம் ஒரே பக்கம் படுத்திருந்தன, அவள் வாழ்க்கையைப் போலவே..."

(சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால், இறக்கையின் முதுகை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். தாங்க ஆளில்லாமல் விமானம் விழும். அவள் இறக்கையில் மெல்லிய கீற்றுத் துளைகள் வைத்தாள். காற்று பிரியப் பார்க்கும்போதெல்லாம் அவை விட்டுவிட்டு ஊதி, அதைத் திரும்ப ஒட்டவைக்கும். பெரிய விசிறி இரைகிற சோதனைக் காற்றுச் சுரங்கத்தில் அந்த இறக்கையின் மாதிரி அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா, சின்ன உதறல்கூட இல்ல," என்றார் மேலாளர். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு வாயெல்லாம் பல்.

[கட்டுரையில் நான் விட்டது: காற்று பிரியத் தொடங்கும்போது வரும் உதறல்தான் விமானிக்கு எச்சரிக்கை. விமானத்தை ஓட்டும் கைப்பிடி நடுங்கினால் மூக்கை இறக்கிவிடுவார். சுரங்கத்தில் விமானி கிடையாது. அந்த நடுக்கம் யாருக்காவது வேண்டியிருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.]

3

சோதனை விமானி, அவளுடைய அக்காவின் கணவர். சினிமாத்தனமாக இருக்கிறதே என்று அவரை வெறும் சக ஊழியராக்கிப் பார்த்தேன். கதையில் கேள்வி கேட்க ஆளில்லாமல் போயிற்று. பழையபடி மாற்றிவிட்டேன்.

அவர் மூக்கை உயர்த்தினார். கைப்பிடி சாதுவாக இருந்தது. இன்னும் உயர்த்தினார். ஊதுகிற காற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டியதும் காற்று மொத்தமும் ஒரே நேரத்தில் இறக்கையைக் கைவிட்டது.

4

அக்கா வீட்டு அடுப்படி. அங்கே நான் போனதில்லை. நாற்காலியில் அவருடைய இஸ்திரி போட்ட சட்டைகளைக் கற்பனையில் வைத்தது நான்தான். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே தங்கையிடம் கேட்கிறாள்.

"ஏண்டி, மாமாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமா? பயந்திருப்பாரா?"

முடிவு ஒன்று:

"இல்லக்கா. கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"அது போதும்டி எனக்கு," என்று அக்கா அவள் தோளில் சாய்ந்து அழுகிறாள். தங்கை சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முடிவு இரண்டு:

"தெரியவிடாம பண்ணதே நான்தான்க்கா. அந்த நடுக்கத்த நான்..."

இதற்குப் பிறகு அக்காவின் முகத்தை எழுத வேண்டும். எழுத வரவில்லை.

5

அவளைப் பழியிலிருந்து காப்பாற்றவும் பார்த்தேன். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவர்கள் யாரும் இந்த அக்காவுக்குத் தங்கை இல்லை.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. முதல் பதிலைச் சொன்னால் அக்கா பிழைத்துக்கொள்வாள். தங்கை ஆயுளுக்கும் அந்த நன்றியைச் சுமப்பாள். இரண்டாவதைச் சொன்னால் அக்காவுக்குக் கணவனோடு தங்கையும் போய்விடுவாள்.

அக்கா குழாயை மூடிவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நிற்கிறாள். பேசாமல் இருந்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்வாள். எனக்குத் திராணியில்லை. நீங்கள் சொல்லுங்கள், சீக்கிரம்.