புது மிஷினுக்கு மாறி வந்த சென்றாயன்

1987 மாசியில், புளி உலுக்கும் காலத்தில், செத்து மூன்று வருடமான சென்றாயன் ஒரு மூட்டைப் புளியோடு அரூரில் தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். புளி விவசாயிகள் சங்கத்தில் காலமாகியிருந்த இன்னும் நாலு பேரும் அன்றைக்கே அவரவர் வீட்டுக்கு வந்தார்கள். சங்கத்துப் பழைய கம்ப்யூட்டரின் கோப்புகள் புதிதாக வந்த டாஸ் கம்ப்யூட்டருக்கு விளங்காது என்பதால், ஆபரேட்டர் அப்துல் ஷுக்கூர் எல்லாவற்றையும் பிளாப்பியில் ஏற்றி மாற்றியிருந்தார். பழைய மிஷின் செத்தவர்களை அழிக்காது, ஒரு குறி போட்டு மறைத்துத்தான் வைக்கும். புது மிஷினுக்கு அந்தக் குறி தெரியாது; அதன் கணக்கில் அவர்களும் உயிரோடு இருப்பவர்கள்தான். முதலில் அவர்களைத் துடைத்திருக்க வேண்டும். ஜும்மாவுக்கு நேரமாகிறதென்று ஷுக்கூர் அவசரப்பட்டுவிட்டார்.

ஊர் பழகிக்கொண்டது. சென்றாயன் மனைவி தீர்த்தம்மாளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கட்டின புருஷனையே நம்பாமல் குடித்தனம் நடத்தியவள், கம்ப்யூட்டர் அனுப்பியவரை நம்பிவிடுவாளா? உயிரோடு இருந்தபோது வெள்ளிக்கிழமை தவறாமல் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஏறுவார். மாடு பார்க்கப் போனேன் என்பார். ஒரு கன்றுக்குட்டிகூட வந்து சேர்ந்ததில்லை.

வந்தவரைத் துருவித் துருவிக் கேட்டாள். தன் பெயர், ஊர், வருடாவருடம் சங்கத்துக்குப் போட்ட புளியின் எடை, வாரிசு தீர்த்தம்மாள்; கோப்பில் இருந்த இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. களியில் உப்பு போதுமா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. யாரோ என்னவோ என்று வாசலிலேயே படுக்க வைத்தாள்.

ஷுக்கூர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "தப்பு என்னோடதுங்கக்கா. மத்த நாலு வூட்லயும் சொத்தைப் பாகம் பிரிச்சாச்சு, அழிச்சிடுன்னுட்டாங்க. நீங்களும் நாளைக்குள்ள சொல்லிடுங்க."

அன்று வெள்ளிக்கிழமை. தட்டை வைத்துவிட்டு, தீர்த்தம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸுக்கு நேரமாச்சு. போகலீங்களா?"

"அது எந்தப் பக்கம், தீர்த்தம்மாள்?"

கண்ணில் கள்ளம் இல்லை. செத்தவர் ஒருநாளும் அவள் பெயரைச் சொன்னதில்லை, 'இந்தா புள்ள' என்பதோடு சரி. தீர்த்தம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்று அவருக்கு உள்ளே பாய் போட்டாள்.

மறுநாள் சங்கத்துக்குப் போய், "அழிக்காதீங்க தம்பி. செத்தவருக்கு இவரு தேவலை" என்றாள்.

அதன்பின் மாசிதோறும் சென்றாயன் புளி போட்டார், சங்கமும் வாங்கிக்கொண்டது. மறுபடி மிஷின் மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று மட்டும் தீர்த்தம்மாள் போட்டது போட்டபடி சங்கத்துக்கு ஓடினாள். வேலை முடிகிறவரை ஷுக்கூர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து எதுவும் கூடச் சேர்ந்து ஏறிவிடவில்லையே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.