இருபத்தேழாம் மேசை

பள்ளிக்கூடக் கூடத்தில் ஆயாம்மா கயிறு பிடித்து மேசைகளுக்கு இடைவெளி அளந்துகொண்டிருந்தாள். தேர்வு நடத்தும் நிறுவனம் அனுப்பிய தாளில் மேசைக்கு மேசை நான்கடி என்று இருந்தது. கயிற்றில் நான்கடிக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தாள். அளந்து முடித்ததும் எண் ஒட்டும் வேலை. இருபத்தேழு அவள் மகளுக்கு. அந்தச் சீட்டை மட்டும் நான்கு ஓரமும் நகத்தால் நீவிவிட்டாள்.

மகள் நான்காம் வகுப்பு. எதையும் மெதுவாகத்தான் செய்வாள். நாற்பது கேள்வியில் பதினைந்தைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பில் அவளுக்கு ஆமை என்று பெயர். ஆமைக்கு வாடகை வீடு தேட வேண்டாம் என்று அவளும் திருப்பிச் சொல்லுவாள். மூன்று மாதமாக விளையாட்டு வகுப்பும் ஓவிய வகுப்பும் இல்லை. நிறுவனத்தின் பயிற்சித் தாள்கள்தான். வட்டத்தைக் கோடு தாண்டாமல் கறுப்பாக்குவதில் அவளுக்கு நிகர் யாருமில்லை.

டீச்சர் வந்தாள். இரண்டு மேசைகளை நகர்த்திப் போட்டாள். சன்னலருகே போய் நின்றாள். கயிற்றின் மறுமுனையைக் கையில் எடுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அக்கா, நாளைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஒரு லெட்டர் குடுங்க."

"அவளுக்கு ஒண்ணுமில்லையே டீச்சர்."

டீச்சர் முடிச்சைப் பார்த்தபடியே சொன்னாள். கடிதம் இருந்தால் அந்தப் பிள்ளை வகுப்புச் சராசரியில் சேராது. போன வருடம் சராசரி இறங்கியதால் பக்கத்து வகுப்பு டீச்சருக்கு வேலை நீட்டிப்பு கிடைக்கவில்லை. இந்த வருடம் இப்படிக் கடிதம் வாங்கச் சொல்லிப் பெரிய டீச்சரே நான்கு பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"போடுற பதினஞ்சும் சரியாப் போடுறாளே."

"தெரியும்க்கா. தினம் திருத்துறது நான்தானே. போடாத இருவத்தஞ்சத்தான் அவங்க மெஷின் பாக்கும்."

ஆயாம்மா வெகுநேரம் கயிற்றைச் சுருட்டினாள். தினமும் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் மகளை அருகில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தருவது இந்த டீச்சர்தான். இவள் போய்விட்டால் வருகிறவள் அப்படி உட்காருவாளா? கடிதத்தை டீச்சரே எழுதினாள். ஆயாம்மா கையெழுத்து மட்டும் போட்டாள்.

வீட்டில் மகளிடம் காய்ச்சல் என்று சொன்னபோது அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலையேம்மா."

"லேசாத்தான் இருக்கு கண்ணு."

மறுநாள் வீட்டில் அவளைத் தனியே விட்டுவர முடியவில்லை. கூடத்துக்குப் பின்னால், துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் மகள் தேர்வுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவி, முனையைத் தரையில் தேய்த்து, வரிசையாக அடுக்கினாள்.

தேர்வு பாதியில் இருந்தபோது டீச்சர் அவசரமாக வந்தாள். யாருக்கோ பென்சில் முனை ஒடிந்துவிட்டது. முக்காலியில் இருந்தவளைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

மகள் பென்சில்களைப் பார்த்து, அவற்றில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கினாள்.

"அழுத்தாம போடச் சொல்லுங்க டீச்சர். அழுத்தினா ஒடையும்."

டீச்சர் வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"காய்ச்சல் விட்டுடுச்சா, பாருங்க டீச்சர்," என்று மகள் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

டீச்சர் உள்ளங்கையை அந்த நெற்றியில் வைத்தாள். அது சில்லென்று இருந்தது. கையை எடுக்காமலே நின்றாள். அறை மூலையில் வாளியைப் பிடித்திருந்த ஆயாம்மா தலை நிமிரவில்லை.

கூடத்திலிருந்து கண்காணிப்பாளரின் குரல் கேட்டது. இன்னும் இருபது நிமிடம். டீச்சர் போனாள். திறந்தே கிடந்த கதவு வழியாக இருபத்தேழாம் மேசை தெரிந்தது. அதன்மேல் உறை பிரிக்காத கேள்வித்தாள் இருந்தது. ஒட்டிய சீட்டின் ஓரம் எங்குமே தூக்கியிருக்கவில்லை.