காற்றைத் திருகிய கை

சனிக்கிழமை மத்தியானம் கடலோரச் சிரெபோன் பந்தயத் திடலில் செத்துப்போன வண்டி என்ஜினைக் கோசாசி ஒரு பழந்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ரிமோட்டில் ஓடும் மண்பாதை வண்டி அது, கைநீளம்கூட இருக்காது. அதன் என்ஜின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் சாகும்போது அது போட்ட சத்தம் திடல் முழுக்கக் கேட்டிருந்தது. மேடைமேல் ரிமோட்டோடு நின்ற தம்பி கிலாங்கின் முகம் வெளுத்ததையும் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

"என்ஜினைச் சரியாப் பழக்கல" என்றான் கிலாங், இறங்கி வந்ததும் வராததுமாக. மெல்லவும் சொல்லவில்லை. "என்ன பழக்கினீங்களோ, காங். அரையிறுதிக்கே தாங்கல."

'காங்' என்றால் அண்ணன்; அந்த மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. உண்மை வேறு என்பது கோசாசிக்குத் தெரியும். மேடையிலிருந்து "இறுக்குங்க, இறுக்குங்க" என்று தம்பி கத்தினான், அவர் ஊசித் திருகை இறுக்கினார், அதுதான் கொன்றது. திருகை இறுக்கினால் எரிபொருள் குறையும், வண்டி பறக்கும். ஆனால் எரிபொருளில் கலந்திருக்கும் ஆமணக்கெண்ணெயும் அதோடு குறைந்துவிடும். உள்ளே காயும், வேகும். அந்த என்ஜின் தன் வாழ்நாளில் மிக வேகமாக ஓடியது சாவதற்கு முந்தின சுற்றில்தான்.

இதையெல்லாம் அங்கே வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் வெளியாள் முன்னால் வீட்டாளை மறுத்துப் பேசுவது சூரியலாகா குடும்பத்தில் இல்லாத பழக்கம். அப்பா இருந்த காலத்தில் அண்ணன் தம்பி இருவரும் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. அத்தனையும் கதவுக்கு உள்ளேதான் விழுந்தன. மலையூர் லெம்பாங்கில் அப்பா வைத்த பட்டறையின் பெயரைத்தான் வண்டிக் கூட்டின்மேல் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட அவருக்கு வாய் வரவில்லை.

வாய் வந்தது கோ யோஹனுக்கு. ஜகார்த்தாச் சீனர், அதனால் எல்லாருக்கும் 'கோ', அதாவது அண்ணன்; மூன்று வண்டிகளும் சம்பளத்துக்கு மெக்கானிக்குகளும் வைத்திருக்கிறவர். கையில் ஐஸ் காப்பியோடு வந்து நின்றார்.

"என்ன கிலாங், மறுபடியும் சவ ஊர்வலமா? எத்தனை தடவை சொல்றது, எங்கிட்ட வந்துடு. எங்க வண்டியில என்ஜின் பாதியில படுக்காது."

"படுக்கிறதுக்குள்ள ஓடின சுற்றுக் கணக்குலயே இடம் கிடைச்சாச்சு" என்றார் கோசாசி. "நாளைக்கு இறுதிப் போட்டியில இருக்கோம். கடைசி இடம்னாலும் இருக்கோம்."

"எதை வச்சு ஓட்டுவீங்க, பாக்? பெட்ரோல் பங்க்குக்கு வண்டியைத் தள்ளிட்டுப் போற மாதிரியா?" என்று யோஹனின் மெக்கானிக் பெஜோ பின்னாலிருந்து சிரித்தான்; 'பாக்' என்கிற மரியாதை வாயில்தான் இருந்தது.

"புது என்ஜின் ஒண்ணு பிரிக்காம இருக்கு."

"ராத்திரிக்குள்ள பழக்கிடுவீங்களா?" என்றான் பெஜோ.

கோசாசி அவனைப் பார்த்த பார்வையில் பெஜோ தன் முதலாளியின் காப்பிக் கோப்பையை வாங்கிக்கொண்டு நகர்ந்தான். ஆனால் கிலாங் நகரவில்லை. எல்லாரும் கேட்கவே சொன்னான்.

"சரி, காங். நாளைக்கு அந்தப் புதுசு முடிவுக்கோடு வரைக்கும் உயிரோட இருந்தா நான் நம்ம வண்டியிலயே இருக்கேன். வழியில செத்துச்சுன்னா, அடுத்த பந்தயம் கோ யோஹன் வண்டி. என்னைத் தடுக்கக்கூடாது."

"தடுக்க மாட்டேன்" என்றார் கோசாசி. வேறென்ன சொல்ல முடியும், அத்தனை பேர் நிற்கும்போது?

*

புது என்ஜினுக்கு அவசரம் ஆகாது. அதன் உருளை மேல்பக்கம் கொஞ்சம் குறுகலாக இருக்கும். பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். சூடானால்தான் உருளை விரிந்து வழி விடும். குளிர்ந்து கிடக்கும்போது முரட்டுத்தனமாக இழுத்து ஓடவிட்டால் அன்றைக்கே பாதி ஆயுசு போய்விடும்.

கோசாசி தன் மனைவி ஈமாஸின் தலை உலர்த்தும் காற்றூதியை வாங்கி என்ஜினுக்குப் பிடித்தார்.

"அது என் முடிக்கு வாங்கினது" என்றாள் ஈமாஸ். "கல்யாண வீட்டுக்குப் போனா எம்மேல என்ஜின் வாசனை. நீங்க ரெண்டு பேரும் போட்ட பந்தயத்துக்கு நான் ஏன் நாறணும்?"

"கொஞ்சம் பேசாம இரு."

"நான் பேசாமத்தான் இருக்கேன். உங்க தம்பிதான் மைக் இல்லாமலே பேசிட்டான்."

என்ஜின் சூடேறியதும் ஓடவிட்டார். ஊசியை நன்றாகத் தளர்த்தி வைத்திருந்ததால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. ஒரு டேங்க் எரிபொருள் தீர்ந்ததும் நிறுத்தினார். பிஸ்டன் உச்சியில் நின்று ஆறினால் அங்கேயே கடித்துக்கொள்ளும் என்பதால் சக்கரத்தைக் கையால் சுற்றி அதைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு ஆற விட்டார். அது ஆறும்வரை அவருக்குத்தான் பொறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், வேனைச் சுற்றி நடந்தார், வந்து என்ஜின் தலையை விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு. மறுபடி நடந்தார். கடற்கரைப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்லிவிட்டால் திடலில் என்ஜின் சத்தம் கேட்கக்கூடாது. அதற்குமேல் நாளை காலைதான்.

மறுபடி சூடாக்கினார், ஓடவிட்டார், நிறுத்தினார். தம்பி தூரத்தில் கோ யோஹனின் கூடாரத்தில் உட்கார்ந்து குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி தின்றுகொண்டிருந்தது கண்ணில் பட்டது. ஊசியை ஒரேயடியாக இறுக்கிக் கடகடவென்று முடித்துவிடலாமா என்று தோன்றியது. திருப்புளியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பாங்கு எழுந்தபோது என்ஜின் தானாக ஒரே சீராக நின்று ஓடப் பழகியிருந்தது. ஆனால் இன்னும் முழுதாக இளகவில்லை. அரைமணி நேர இறுதிப் போட்டியை ஊசியைத் தளர்த்தி ஈரமாக ஓட்டினால் தாங்கும். இறுக்கிக் காய ஓட்டினால் தாங்காது. இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? அவன் ராத்திரி வேறு வேனில் போய்ப் படுத்துவிட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு இறுதிப் போட்டி. ஓட்டுநர் மேடைக்கு நேர் கீழே எரிபொருள் ஊற்றும் பாதை. பத்து வண்டிகளின் மெக்கானிக்குகள் தோளோடு தோள் உரசி நின்றார்கள். லெம்பாங் மலைமேல் காற்று மெலிசு; அங்கே இறுக்கின அளவு இங்கே கடலோரத்தில் ஆகாது. கோசாசி காலையிலேயே ஊசியைத் தளர்த்தி வைத்துவிட்டார்.

ஆகவே வண்டி புகையை விட்டுக்கொண்டு கொஞ்சம் சோம்பலாகத்தான் ஓடியது. ஓடிய வரைக்கும் கிலாங் நன்றாகத்தான் ஓட்டினான். கடைசியிலிருந்து ஆறாம் இடத்துக்கு வந்துவிட்டான். ஆனால் முதல்முறை எரிபொருளுக்கு வண்டி உள்ளே வந்தபோது மேலேயிருந்து குரல் இடித்தது.

"காங், மாடு மாதிரிப் போகுது! இறுக்குங்க! ஒரு மணி இறுக்குங்க!"

திருகின் பிளவை மணிமுள்ளாக வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நகர்த்துகிற அளவு திருப்பச் சொல்கிறான். நேற்றும் இதையேதான் சொன்னான்.

மறுத்தால் அத்தனை பேர் முன்னால் தம்பி தலைகுனிவான். கேட்டால் என்ஜின் சாகும், தம்பியும் போவான். கோசாசியின் இடது கை எரிபொருளை ஊற்றியது. வலது கை திருப்புளியை எடுத்தது. முனையைத் திருகின்மேல் வைத்தார், பிளவுக்குள் இறக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் சுழற்றினார். வண்டியை விட்டார்.

அடுத்த சுற்றிலேயே மேலேயிருந்து குரல். "ஆங்! இப்பச் சரி! பறக்குது பாருங்க, காங்!"

கோசாசி முகத்தை அசைக்காமல் நின்றார்.

இரண்டாம் முறையும் அதேதான். "இன்னொரு மணி!" என்றான் கிலாங். இவர் இன்னொரு முறை காற்றைத் திருகினார். நம்பிக்கை வந்துவிட்ட கிலாங், திருப்பங்களில் துணிந்து உள்ளே நுழைந்து மூன்றாம் இடத்துக்கு வந்தான். முன்னால் போனது கோ யோஹனின் வண்டி. அதன் மெக்கானிக் பெஜோ பக்கத்தில்தான் நின்றான். கோசாசியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி முறை வண்டி உள்ளே வந்தது.

"ஒரு மணி, காங்! அவனைப் பிடிச்சிடுவேன்!"

கோசாசி திருப்புளியை வைத்துச் சுழற்றினார்.

"பாக் கோசாசி!" பெஜோ கூவினான். "திருகைத் திருப்புறீங்களா, காத்தைத் திருப்புறீங்களா? முனை உள்ளயே இறங்கலியே! முதல்லேருந்து பார்த்துட்டுத்தான் இருக்கேன்!"

பாதை முழுக்கச் சிரிப்பு பொங்கியது. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. "மக்களே, சூரியலாகா வண்டியில ஓட்டுநர் பேச்சை மெக்கானிக் கேட்கிறதில்லையாம்! தம்பி கத்துறார், அண்ணன் நாட்டியம் ஆடுறார்!"

கிலாங் மேடைக் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"காங். திருப்பினீங்களா, இல்லையா?"

வண்டி கோசாசியின் கையில் உறுமிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நொடியும் ஓர் இடம் போகும். சுற்றிலும் அத்தனை முகங்கள். இந்த ஐம்பத்தொரு வயதில் அவர் சபையில் தம்பியை ஒருமுறைகூட மறுத்ததில்லை.

"திருப்பல" என்றார். குரல் அவருக்கே உரக்கக் கேட்டது. "ஒரு தடவைகூடத் திருப்பல. இப்பவும் திருப்ப மாட்டேன். திருப்பினா செத்துப்போகும். நேத்தும் அதாலதான் செத்துச்சு. ஓட்டு."

வண்டியைப் பாதையில் விட்டார்.

கிலாங் நிமிர்ந்தான். கோபத்தை விரலில் காட்டினான். விசையை முழுக்க அமுக்கி நேர்ப்பாதையில் வண்டியைப் பீறிட விட்டான். மேட்டில் தாவிய வண்டி ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கோ யோஹனின் வண்டிக்கும் இவனுக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது.

கோசாசி வண்டியைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். டேங்க் காலியாகக் காலியாக என்ஜின் தானாகவே காயத் தொடங்கும். புகைக் கோடு மெலிந்தது. தடித்த குரல் கூர்மையாகி, மெல்லிசாகி, பல் கூசுகிற மாதிரி வந்தது. நேற்றுக் கேட்ட அதே குரல். அவர் வாயைத் திறந்தார். மெதுவாப் போ என்று கத்தலாம். கத்தினால் அவன் இன்னும் அமுக்குவான். வாயை மூடிக்கொண்டார்.

கடைசி நிமிடம். நேர்ப்பாதையில் இரு வண்டிகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு வந்தன. இன்னும் ஒரே ஒரு முறை முழு விசை கொடுத்தால் தாண்டிவிடலாம்.

பாதியில் கிலாங் விசையை விட்டான்.

சத்தம் விழுந்தது. தொண்டையில் தண்ணீர் இறங்கின மாதிரி என்ஜின் கனைத்தது, லேசாகப் புகைத்தது, மறுபடி சீரானது. கோ யோஹனின் வண்டி முன்னால் போனது. திருப்பங்களில் மட்டும் விசை கொடுத்து, நேர்ப்பாதையில் மூச்சு விட்டு, கிலாங் வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். மூன்றாம் இடம். கோட்டைத் தாண்டிய பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

*

பெஜோதான் முதலில் வந்தான், தலையைச் சொறிந்துகொண்டு. "கோவிச்சுக்காதீங்க, பாக். எங்க ஓட்டுநருக்கு நானும் இதேதான் பண்றேன். அதனாலதான் கண்ணுல பட்டுச்சு."

"பட்டதை வாய்க்குள்ளயே வச்சிருந்திருக்கலாம்" என்றார் கோசாசி. பெஜோ போய்விட்டான்.

கிலாங் இறங்கி வந்தான். பின்னாலேயே கோ யோஹன். கூடாரத்துக்குள் ஈமாஸ் தேக்கிலையில் சோறு பிரித்துக்கொண்டிருந்தாள்; அவள் கையும் நின்றது.

கோசாசி தம்பியைப் பார்க்காமல் கோ யோஹனைப் பார்த்துப் பேசினார். "என்ஜின் உயிரோட இருக்கு. ஆனா பாதிப் பந்தயம் நான் இவனை ஏமாத்தி ஓட்ட வச்சேன். ஏமாத்தி ஜெயிச்ச பேச்சு எங்க வீட்டுக்கு வேண்டாம். இவன் உங்க வண்டிக்கு வரலாம். நான் தடுக்கல."

கோ யோஹன் எதிர்பார்க்கவில்லை. "அப்போ…" என்று கிலாங்கைப் பார்த்தார்.

"பாருங்க!" கிலாங் அண்ணி பக்கம் திரும்பி வெடித்தான். "பார்த்தீங்களா தெத்தே ஈமாஸ், உங்க புருஷனை? இறுக்கச் சொன்னா இறுக்காம இருக்கிறதும் அவரே. இப்ப என்னைத் துரத்துறதும் அவரே. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? நான் போறேனா இருக்கேனான்னு நான் சொல்லணுமா, இவர் சொல்லணுமா?"

"உன்னைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்களே, இதுக்குமேல எங்கூட இருப்பியா" என்றார் கோசாசி.

"சிரிச்சாங்க. காத்தைத் திருப்பினதும் வண்டி பறக்குதுன்னு குதிச்சேன் பாருங்க, அதுக்குச் சிரிச்சாங்க. சிரிக்க வேண்டியதுதான்." மூச்சு வாங்கினான். "ஆனா நேத்து, நான் இறுக்கச் சொன்னதாலதான் செத்துச்சுன்னு தெரியுமில்ல? ஏன் சொல்லல? நான் எல்லார் முன்னாடியும் நீங்க பழக்கினது சரியில்லைன்னு கத்தினப்ப ஏன் வாயை மூடிட்டு நின்னீங்க?"

"சபையில எப்படிச் சொல்றது?"

"வேன்ல சொல்லலாமில்ல?"

"நீதான் வேற வேனுக்குப் போயிட்டியே."

ஈமாஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கிலாங்கும் சிரித்திருப்பான், அடக்கிக்கொண்டான். கோ யோஹன் பக்கம் திரும்பி, "மன்னிச்சிடுங்க கோ, இந்த வருஷம் இல்ல" என்றான். "கடைசிச் சுற்றுல அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். விரலை எடுக்காம இருந்திருந்தா உங்க வண்டியைத் தாண்டியிருப்பேன், என்ஜினும் செத்திருக்கும், இன்னைக்கு உங்க கூடாரத்துல சாப்பிட்டிருப்பேன். விரல் அமுக்க மாட்டேன்னுடுச்சு."

கோ யோஹன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

"ஆனா ஒண்ணு, காங்." கிலாங் குரலைத் தாழ்த்தவில்லை. "விசை என்னோடது, ஊசி உங்களோடது. திருப்பினா திருப்பினேன்னு சொல்லுங்க. திருப்பலன்னா திருப்பலன்னு சொல்லுங்க. யார் இருந்தாலும் சொல்லுங்க. இன்னொரு தடவை நடிச்சீங்கன்னா அன்னைக்கே போயிடுவேன்."

கோசாசி நிமிர்ந்து நின்றார். வீட்டு முறை ஒன்று முறிகிறது என்பது அவருக்குப் புரிந்தது. அதற்குப் பதில் என்ன முறையை வைப்பது என்பது இன்னும் புரியவில்லை. "சரி" என்றார்.

கிலாங் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தான். கோசாசி வண்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். என்ஜின் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"கிலாங். டேங்கைக் காலி பண்ணப் போறேன்."

"ம்."

"பிளக்கைக் கழட்டப் போறேன்."

"சரி, காங்."

"உள்ள எண்ணெய் விடப் போறேன். ரெண்டு சொட்டு."

"அட, இதுக்கெல்லாமா சொல்வாங்க!" என்றான் கிலாங், வாய் நிறையச் சோற்றோடு.

"நீதானே சொல்லச் சொன்னே" என்றார் கோசாசி. "பிஸ்டனைக் கீழே இறக்கப் போறேன்."