கட்டை ஏறினால்தான் கொடி

"சங்கத்துல சேர்ந்தா என்ன கிடைக்கும் மரி? ஒரு அட்டை குடுப்பாங்க. பர்ஸ்ல வெச்சுக்கிட்டு அழகு பார்க்கலாம்" என்றான் தெய்விஸ், அரேப்பா என்ற சோள ரொட்டிக்குள் சீஸை அடைத்துக்கொண்டே.

மரியெலிஸுக்குத் தம்பி முறை அவன். வெனிசுவேலாவிலிருந்து சிலேவுக்கு ஒன்றாகத்தான் கிளம்பி வந்தார்கள். அவன் கேட்டது நியாயம் என்றுதான் அவளுக்கும் பட்டது. தால்கா நகரத்துப் பொறியாளர் சங்கத்துக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த ரோமினாதான் இழுத்துக்கொண்டு போனாள். போன நேரம் முழுக்க ஒரு வடிகாலைப் பற்றிச் சண்டை. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் ஒத்துக்கொள்ளவே இல்லை. சிலேயில் சங்கத்தில் சேராமலே வேலை பார்க்கலாம், சட்டம் ஒன்றும் கேட்காது. பிறகு எதற்கு இந்த வேலை என்று விட்டுவிட்டாள்.

அவள் கவலையே வேறு. ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த சமூகக் கூடத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. முதலாளி தோன் லீசாந்த்ரோ புதுப்பித்தால்தான் இங்கே தங்கும் காகிதம் நகரும். அதனால் அவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதையே பாதி வேலையாக வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏணியில் ஏறிப் பார்த்தாள். மரத்தால் செய்த கூரைச் சட்டங்கள் வரிசையாக நின்றன. ஒன்றோடொன்று பிடித்துக் கட்டும் குறுக்குக் கட்டை ஒன்றுகூட இல்லை.

"மேஸ்திரி, குறுக்குக் கட்டை எங்க?"

"அது திங்கக்கிழமை, இன்ஜினியரம்மா" என்றார் தச்சு மேஸ்திரி ஒயார்சூன். "நாளைக்குக் கூரை விருந்து. கடைசிச் சட்டம் ஏறியாச்சு, கொடி நட வேண்டியதுதான். கறி தின்னுட்டு மிச்ச வேலை."

அந்த ஊர் வழக்கம் அது. கடைசிச் சட்டம் ஏறியதும் உச்சியில் கொடி நடுவார்கள், முதலாளி கறி சுட்டுப் போட வேண்டும். கஞ்சத்தனம் பண்ணினால் கொடி இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயரில் வைக்கோல் பொம்மை தொங்கும். ஆனால் வந்த வினையும் அதிலேதான். கொடி நட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைத்தான் எல்லோரும் வேலையாக எண்ணினார்கள். மேசைகளையோ கூரைக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். தெருவே வரப்போகிறது, பிள்ளைகுட்டியோடு.

தோன் லீசாந்த்ரோவிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எத்தனை கூரை போட்டிருக்கேன், ஒண்ணாவது விழுந்திருக்கா? உங்க மரக்காய்போ ஊர்ல மரக்கூரை பார்த்திருக்கியாம்மா நீ?"

பார்த்ததில்லை. அங்கே அவள் போட்டதெல்லாம் கான்கிரீட். ஒருவேளை இந்த ஊரில் இப்படித்தானோ? வாயைத் திறந்து வேலையையும் கெடுத்து, தப்பும் நம் பேரில் என்று ஆகிவிட்டால்? சாமான் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, கூரையின் படத்தை ரோமினாவுக்கு அனுப்பினாள்.

ரோமினா உடனே கூப்பிட்டாள். "எனக்குத் தப்பாத்தான் படுது. ஆனா நான் சொன்னா ஒருத்தி பேச்சு. சங்கத்து குரூப்ல உன்னையும் சேர்த்துவிட்டுப் படத்தைப் போடுறேன்."

"நான் உறுப்பினரே இல்லையேடி."

"கேக்கறதுக்கு யாரும் சந்தா கேக்க மாட்டாங்க. பதிலுக்குத்தான் அடிச்சுப்பாங்க, பாரு."

அப்படியே நடந்தது. ஃபாபியோ என்று ஒருவர், "லேசான கூரை, என்ன பயம்?" என்று எழுதினார். "காத்தடிச்சா, நிலம் ஆடினா சீட்டுக்கட்டு மாதிரி சாயும், அப்ப தெரியும் லேசா கனமான்னு" என்று ஒரு அம்மா பாய்ந்தார். "சுவத்தோட எப்படிப் பிடிச்சிருக்கு? கிட்டத்துல படம் போடுங்க" என்றார் வேறொருவர். மரியெலிஸ் ஓடினாள், ஏணி ஏறினாள், படம் எடுத்தாள். மறுபடியும் சண்டை. கடைசியில் அந்த ஃபாபியோவே எழுதினார்: "நான் சொன்னது தப்பு. கட்டை ஏறாம கீழ ஒருத்தரையும் உட்கார வைக்காதீங்க. உங்க முதலாளி நம்பலைன்னா என் நம்பரைக் குடுங்க."

அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முன்பின் தெரியாத மனுஷன், இத்தனை பேர் எதிரே தப்பு என்று ஒத்துக்கொள்கிறார். அன்றைக்கு வடிகாலுக்காக அடித்துக்கொண்டவர்களும் இவர்கள்தான். வீண் பேச்சு என்று நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் திரும்பிப் போனாள்.

"கட்டை ஏறாம கொடி வேண்டாம், தோன் லீசாந்த்ரோ. விருந்தையும் வெளியில வெச்சுக்கலாம்."

"யாரு சொன்னா?"

"முதல்ல நான் சொன்னேன். அப்புறம் சங்கத்துக்காரங்க சண்டை போட்டு, அதையேதான் சொன்னாங்க. பேசணும்னா நம்பர் இருக்கு."

அவர் நம்பரை வாங்கவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தார். "கறி வாங்கியாச்சே" என்றார், பாவமாக.

"பொம்மை கட்டினா முதலாளிக்கா, இன்ஜினியரம்மாவுக்கா?" என்று மேலேயிருந்து ஒயார்சூன் குரல் கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள். "சரி, ஒரு யோசனை. காலையில அடுப்பை சீக்கிரம் பத்த வைங்க. கறி வாசனை வந்தா என் ஆளுங்க கட்டையை அடிக்கிறதென்ன, பறக்கவே விடுவாங்க."

சனிக்கிழமை அப்படித்தான் அடித்தார்கள், வெளியே கொத்துமல்லியும் தக்காளியும் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களை, பசியைக் கிளப்புகிறார்கள் என்று திட்டிக்கொண்டே. கட்டையெல்லாம் ஏறிக் கொடி நட்ட பிறகு விருந்து முற்றத்தில் நடந்தது, நேரம் தப்பித்தான். அன்று நிலம் ஆடவில்லை. காற்றும் அடிக்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்று காட்ட ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் தோன் லீசாந்த்ரோ ஒரு பெரிய கறித்துண்டை அவள் தட்டில் போட்டு, "திங்கக்கிழமை அடுத்த சைட்டுக்கு வந்துடு. இந்த மாதிரி விஷயத்தை அங்க முதல் நாளே சொல்லித் தொலை" என்றார்.

செவ்வாய்க்கிழமை சங்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கூட்டத்தில் ஃபாபியோ, கோடை வெயிலில் போட்ட தளம் வெடிக்கிறது என்று புலம்பினார். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மரியெலிஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அது இல்லைங்க" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "வெயில்னா அது எங்க ஊரு. ஜல்லியை முதல்ல நிழல்ல போட்டு நனைக்கணும், அப்புறம்..."

"நனைச்சா தண்ணி அளவு கூடிருமே!"

"இருங்க, நான் இன்னும் முடிக்கலை" என்று நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.